மூன்றாவது கோட்டுக்குக் கொஞ்சம் மேலே

பேக்கர்ஸ்ஃபீல்ட்
ஏப்ரல் 10, 1972

ராய்ஸுக்கு,

உங்கள் ரெக்கார்ட் வந்து சேர்ந்தது. அட்டையில் நீயும் டூயியும் மற்ற இரண்டு பேரும் யாரோ ஒருவருடைய வேலியில் சாய்ந்து நிற்கிறீர்கள். டூயி தொப்பி போட்டிருக்கிறான். இத்தனை வருஷத்தில் அவனைத் தொப்பியோடு நான் பார்த்ததில்லை. டிரம்ஸ் வாசிக்கிறவனுக்குத் தலை வியர்க்கும், எந்தத் தொப்பி தாங்கும்? மேலே பெரிய எழுத்தில் ‘லெவி ரோட்’. நம் வீட்டுக்குப் போகிற மண் ரோட்டின் பெயர் ஒரு அட்டையில் அச்சாகி வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ரெக்கார்டைப் போடும் வரைக்கும்தான்.

முதல் பாட்டு, ‘தண்ணீர் லாரிக்காரன்’. ஆரம்பத்தில் வருவது என் ஸ்டீல் கிடார் என்று தெரிந்தது. ஆனால் அதில் என் கை இல்லை. ஏதோ தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. பிறகு நீ பாட வந்தாய். முப்பத்தொரு வயது ஆம்பளை பாட வேண்டிய இடத்தில் மீசை முளைக்காத ஒருவன் பாடினான்.

நேற்று மதியம் தேவாலயத்திலிருந்து வந்ததும் ஸ்டீலுக்குக் கால்களை மாட்டி நிறுத்தி ரெக்கார்டோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தேன். ஜி சுருதியில் உள்ள பாட்டு. கம்பிகளின் மேல் நகர்த்துகிற இரும்புத் தண்டை, அடியில் வரைந்திருக்கிற மூன்றாவது கோட்டுக்கு நேரே வைத்தால் கண்ணை மூடிக்கொண்டே ஆரம்பிக்கலாம். ஆரம்பித்தேன், பல் கூசியது. நான்காவது கோட்டுக்கு நகர்த்தினேன், அங்கேயும் கூசியது. இரண்டுக்கும் நடுவில், நான்கை ஒட்டினாற்போல் ஓரிடத்தில் தண்டை நிறுத்தியபோதுதான் சேர்ந்தது. சாதாரண கிடாரில் அப்படி ஓர் இடமே கிடையாது. பியானோவிலும் கிடையாது. அங்கே நின்று நீங்கள் யாரும் வாசித்திருக்க முடியாது.

என் ரெக்கார்ட் பெட்டிதான் வேகமாகச் சுற்றுகிறதோ என்று பாஸ்டர் வீட்டுப் பெட்டியிலும் போட்டுப் பார்த்தேன். அதே கதை. மற்ற ரெக்கார்டுகள் இரண்டு பெட்டியிலும் சரியாக இருக்கின்றன. ஆக, டேப்பை வேகமாக ஓட்டி அச்சடித்திருக்கிறார்கள். ஓட்டினால் பாட்டு சுருங்கும், குரல் மேலே ஏறும், ஆளுக்கு வயது குறையும்.

ப்ளூ ஸ்பர் பாரில் முதலாளி எல்வுட் அந்தப் பாட்டை, காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸில் வைத்திருக்கிறார். பெருமையோடுதான். எண்ணெய்க் கிணற்று ஆள் ஒருவன் கேட்டான்:

“யாரு பாடறது இது?”

“ராய்ஸ்.”

“எந்த ராய்ஸ்?”

“நம்ம ராய்ஸ் ஹென்ஸ்லிதான்யா. அஞ்சு வருஷம் இதே மேடையில நின்னு கத்துனானே.”

“போய்யா. அவனுக்கு மாட்டுத் தொண்டை. இது எதோ பால்குடி.”

நான் மேடையில் கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

நவம்பரில் நான் அந்த ஸ்டூடியோவை விட்டு வந்த காரணம் உனக்குத் தெரியும். உன்னைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்தார்கள். அந்தக் கூண்டுக்கு முதுகைக் காட்டி என்னை உட்கார வைத்தார்கள். ரெக்கார்டைத் தயாரிக்கிற ட்ராஸ்க் என்னிடம் நேரே பேசாமல், தன் அறையில் பொத்தானை அழுத்தி டூயியிடம் சொன்னார்: “அந்தம்மாவைக் கொஞ்சம் ஸ்டீல்ல அழுகையைக் குறைச்சுக்கச் சொல்லுப்பா.” நான் ஸ்டீலின் கால்களைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன், பனிமூட்டத்தில் வண்டியை ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். என் வாசிப்பைத் தூக்கி எறிந்திருப்பார் என்றுதான் இருந்தேன். எறிந்திருந்தால் பரவாயில்லை.

உன் முதல் ரெக்கார்ட் இது. அதில் உன் குரல் இல்லை. யார் செய்தது, யார் சம்மதித்தது என்று எனக்கு எழுது. அடுத்த முறை அச்சடிக்கும்போது சரியான வேகத்தில் அச்சடிக்கச் சொல்.

ஆர்டித்


ஹாலிவுட்
ஏப்ரல் 17, 1972

அக்காவுக்கு,

ரெக்கார்டுக்கு நாடி பிடித்துப் பார்த்தது உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். உனக்குத் தெரிந்திருக்கிறது, ஊரில் இருக்கிற நாய்களுக்குத் தெரிந்திருக்கும். வேறு யாருக்கும் தெரியாது.

இந்த ஊரில் இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை, அக்கா. படம் பிடிப்பதற்கு முன்னால் மூக்கில் பவுடர் தட்டுகிற மாதிரி. ட்ராஸ்க் அப்படி ஒன்றும் மோசமான ஆள் இல்லை. அவருக்குக் காது இருக்கிறது, அது நம் ஊர்க் காது இல்லை, அவ்வளவுதான். எனக்கு மூச்சு விடுவதற்குக்கூடப் பாடம் நடத்தினார் என்றால் பார்த்துக்கொள். வரிக்கு வரி நான் மூச்சு இழுக்கிற சத்தம் மைக்கில் கேட்கிறதாம், இரண்டு வரிக்கு ஒரு தடவை போதுமாம். “நீ பாட்டுக்காரனா, தண்ணி பம்பா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாட்டு ஃப்ரெஸ்னோவிலிருந்து சான் டியேகோ வரைக்கும் ரேடியோவில் போகிறது. ஒரு பெட்ரோல் பங்க்கில் காரைத் துடைக்கிறவன் நம் பாட்டை விசிலடித்தான். அவனிடம் போய் அது என் பாட்டு என்று சொன்னேன். “அப்படியா, கண்ணாடியையும் துடைக்கவா?” என்றான்.

மேடையிலும் ரெக்கார்ட் மாதிரியே இருக்க வேண்டும் என்கிறார்கள். அதனால் எல்லாக் கிடாரையும் முறுக்கி அந்த உயரத்துக்கு ஏற்றிவைத்திருக்கிறோம். கம்பி அடிக்கடி அறுகிறது. நானும் கொஞ்சம் எட்டிப் பிடித்துத்தான் பாட வேண்டியிருக்கிறது. தேன் போட்ட டீ குடிக்கிறேன். போகப் போகப் பழகிவிடும்.

ஜூன் 10 அன்று நம் ஊர்க் கண்காட்சி மைதானத்தில் எங்கள் நிகழ்ச்சி. நீ வந்து வாசிக்க வேண்டும். நீ போனதிலிருந்து உன் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. மேடையில் அந்த இடத்தில் இப்போது டூயியின் பீர் பெட்டி இருக்கிறது. அவனுக்கே அது மரியாதையாகப் படவில்லையாம்.

வா, அக்கா. அன்றைக்கு வந்தால் அப்படியே எங்களோடு கிளம்பிவிடு. கொட்டகையில் கேரட்டைக் கழுவிக் கட்ட வேறு ஆட்கள் கிடைப்பார்கள்.

ராய்ஸ்


பேக்கர்ஸ்ஃபீல்ட்
ஏப்ரல் 30, 1972

ராய்ஸுக்கு,

யார் சம்மதித்தது என்று கேட்டிருந்தேன். பெட்ரோல் பங்க் கதை எழுதியிருக்கிறாய்.

நேற்று ரேடியோவில் உங்கள் நிகழ்ச்சியை நேராகப் போட்டார்கள். கேரட் கொட்டகையில் சனிக்கிழமையும் வேலை இருந்தது, ஃபோர்மன் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். உன் பெயர் சொன்னதும் பெண்கள் கைதட்டினார்கள். இரண்டாவது சரணத்தில், லாரிக்காரன் காலிப் பாத்திரங்களோடு நிற்கிற ஊரைத் தாண்டிப் போகிற இடத்தில், உன் குரல் கிழிந்தது. துணி கிழிகிற மாதிரி. கிழிந்ததை மறைக்க நீ இருமினாய். கைதட்டின பெண்கள் கேரட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் நிற்கும் ஐரீன் மெதுவாகக் கேட்டாள்: “உன் தம்பிக்கு உடம்பு சரியில்லையாடி?”

“இல்ல. அவனுக்குப் பழகிடுமாம்” என்றேன்.

மெஷின் மனிதனைப் பார்த்துப் பாடினால் புரிகிறது. மனிதன் மெஷினைப் பார்த்துப் பாடுவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு மோட்டார் முடிவு செய்திருக்கிறது. நீயும் கழுத்து நரம்பு புடைக்க அதன் பின்னால் ஓடுகிறாய். இன்னும் எத்தனை ஊருக்கு இது தாங்கும்? தொண்டை போனால் உனக்கு வேறு என்ன தொழில் தெரியும்? லாரி ஓட்டவும் தெரியாது. பாட்டில்தான் ஓட்டுவாய்.

நீ சிரித்ததாக எழுதியிருக்கிறாயே, அந்தத் தண்ணி பம்பு. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ட்ராஸ்க் சொன்னதை மன்னித்தாலும் மன்னிப்பேன். நீ சிரித்ததை எப்படி மன்னிப்பது?

ஜூன் 10 அன்று நான் வாசிக்க மாட்டேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் வாசிக்க எனக்குத் தெரியும். ஆனால் அங்கே குடியிருக்க மாட்டேன்.

ஆர்டித்


டூசான், அரிஸோனா
மே 8, 1972

ஆர்டித்,

நான்கு நாளாக நான் பேசக் கூடாது. இங்கே ஒரு டாக்டர் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, “யாரைப் பாத்து இப்படிக் கத்துனீங்க?” என்று கேட்டார். ஏதாவது வேண்டுமென்றால் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறேன். டூயி சந்தோஷமாக இருக்கிறான். பதில் சொல்ல முடியாத ஆளிடம் பேசுவது அவனுக்கு ரொம்பப் பிடிக்கிறது. இரண்டு ஊர் நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டார்கள்.

வாயைத் திறக்க முடியாததால் இதையும் எழுதியே தீர்க்கிறேன்.

யார் சம்மதித்தது என்று கேட்டாய். சம்மதிக்கவில்லை. நான்தான் செய்யச் சொன்னேன்.

நீ கதவை அறைந்துவிட்டுப் போன பிறகு நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து டேப்பைக் கேட்டோம். பாட்டு நொண்டியது. நீ ஒவ்வொரு வரி முடிவிலும் பின்தங்கினாய், டூயி உனக்காக நின்று நின்று வந்தான், கடைசிச் சரணத்தில் அந்த லாரி நடந்தே போனது. ட்ராஸ்க் சொன்னார்:

“ஸ்டீலைத் தூக்கிரலாம். வேற ஆளுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வந்துருவான்.”

“தூக்க வேணாம்” என்றேன்.

“அப்ப பாட்டு நொண்டிக்கிட்டே கிடக்கட்டுமா?”

“மெஷின் உங்க கையிலதான இருக்கு. வேகமா ஓட்டுங்க.”

“ஓட்டினா உன் குரலும் சேந்து ஏறும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“நல்லதாப் போச்சு, வயசும் குறையும்” என்றார்.

மறுநாள் அந்த ஆள் வந்தான். ஸ்டீல் பெட்டியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன். நான் போய் அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஆக, அந்த ரெக்கார்டில் நான் இல்லாததற்குக் காரணம் நீ இருப்பதுதான். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. நீ வீட்டில் உட்கார்ந்து கோடுகளை எண்ணிக்கொண்டு எனக்குத் தொண்டையைப் பற்றிப் புத்தி சொல்கிறாய். நான் ஊர் ஊராக உன் வாசிப்பைத் தூக்கிக்கொண்டு, அது நிற்கிற உயரத்தில் பாடிக்கொண்டிருக்கிறேன்.

நீ இழுத்தாய், ஆர்டித். கோபப்படு. கோபப்பட உனக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அன்று வாசித்தபடியே, வேகம் மாற்றாத டேப் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். கேட்டுவிட்டு எழுது.

ராய்ஸ்


பேக்கர்ஸ்ஃபீல்ட்
மே 19, 1972

ராய்ஸ்,

டேப் மெஷின் பாஸ்டரிடம்தான் இருக்கிறது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை.

ஸ்டீலைக் கொண்டுபோயிருந்தேன். தண்டு மூன்றாவது கோட்டின் மேல் நின்றது, ஒரு மயிரிழைகூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. நீ பாடினாய். நீதான். மாட்டுத் தொண்டை. பாஸ்டர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ராய்ஸ் வந்திருக்கானா?” என்றாள்.

பாட்டு நொண்டுகிறது. அதையும் கேட்டேன். ஒவ்வொரு வரி முடிவிலும் நான் தண்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். ஏன் நின்றேன் என்று எனக்கு இப்போது தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் சாக்குச் சொல்வதாக இருக்கும்.

ஆனால் ஒன்றை எழுதுவேன். நவம்பரில் உனக்குப் போன் இருந்தது, எனக்கும் போன் இருந்தது. “அக்கா, நொண்டுது, திரும்பி வா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வழியிலிருக்கும் கிரேப்வைன் மலையில் மறுபடி ஏறி இறங்கி வந்து, ட்ராஸ்க்கைத் திட்டிக்கொண்டே மறுபடி வாசித்திருப்பேன். அதை விட்டுவிட்டு நீ என்ன செய்தாய்? உன் குரலை அறுத்து எனக்குத் தானம் கொடுத்தாய். நான் கேட்டேனா? கொடுத்ததையும் சொல்லாமல், ஆறு மாதம் தேன் டீ குடித்துக்கொண்டு தியாகியாகத் திரிந்திருக்கிறாய். எனக்குத் தெரியாமல் எனக்காக ஒருவன் கஷ்டப்படுவதை நான் எந்தக் கணக்கில் வைப்பது? ட்ராஸ்க் செய்திருந்தால் எனக்குத் திட்ட ஓர் ஆள் கிடைத்திருப்பான்.

ஜூன் 10 அன்று வருகிறேன். எல்லாக் கிடாரும் இறங்கி, இருக்க வேண்டிய இடத்துக்கு வர வேண்டும். ஒரு கம்பி ஏறியிருந்தாலும் நான் வண்டியிலிருந்து பெட்டியை இறக்க மாட்டேன். ப்ளூ ஸ்பரில் நின்ற மாதிரி நீ எனக்கு வலது பக்கம், கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும். டூயியிடம் சொல், அவன் என்னைப் பார்க்க வேண்டாம், உன்னைப் பார்த்தால் போதும்.

பீர் பெட்டியை எடுத்துவிடச் சொல்.

ஆர்டித்


ஹாலிவுட்
ஜூன் 13, 1972

அக்காவுக்கு,

சனிக்கிழமை நீ யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். போவது உனக்குப் புதிதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு பாட்டில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாவதாக ‘தண்ணீர் லாரிக்காரன்’ ஆரம்பித்தாய். சுருதி இறங்கியிருந்ததால் எனக்கு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. முதல் வரியைப் பாடினேன், நிறுத்தாமல் இரண்டாவது வரிக்குத் தாவினேன். ட்ராஸ்க் பழக்கிவிட்ட பழக்கம். பார்த்தால் நீ என்னோடு வரவில்லை. தண்டு கம்பிக்கு மேலே காற்றில் நிற்கிறது, நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இவள் சபையில் என்னை அவமானப்படுத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அடுத்த வரியில் எனக்கு மூச்சு முட்டியது. வேறு வழியில்லாமல் இழுத்தேன், தோள் ஏறி இறங்கியது. இறங்கிய அந்த நொடியில் உன் தண்டும் இறங்கியது.

அப்போதுதான் புரிந்தது. ப்ளூ ஸ்பரில் அஞ்சு வருஷம் அப்படித்தான் வாசித்தாய். நான் மூச்சு விடுகிற இடத்தில்தான் உன் ஸ்டீல் உள்ளே வரும். நான் கவனித்ததே இல்லை. என் மூச்சு எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஸ்டூடியோவில் என்னைக் கண்ணாடிக்குள் போட்டு, உன் முதுகை எனக்குக் காட்டி, மூச்சை விடாதே என்றும் சொல்லிவிட்டார்கள். நீ ஹெட்ஃபோனில் என் மூச்சுக்காகக் காத்திருந்தாய். அது வரவே இல்லை.

நீ இழுத்தாய் என்று எழுதினேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ சாக்குச் சொல்லவில்லை, சரி. ஆனால் இதை எழுதியிருந்தால் நான் மூன்று வாரம் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்திருக்க மாட்டேனே.

ஜனங்கள் மூன்றாவது பாட்டில் எழுந்து ஆடினார்கள், பார்த்தாயா? ரெக்கார்டுக்கு யாரும் ஆடி நான் பார்க்கவில்லை. காலைத் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

ட்ராஸ்க் மேடைக்குப் பின்னால் வந்து உன்னிடம் சொன்னதை டூயி இங்கே எல்லாரிடமும் நடித்துக் காட்டுகிறான். “இது ரெக்கார்ட் மாதிரி இல்லையேம்மா” என்றாராம். நீ ஸ்டீலின் காலைக் கழற்றிக்கொண்டே, “ஆமா. ரெக்கார்டு எங்க மாதிரி இல்ல” என்றாயாம். அவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. “உங்கக்கா பேரு எப்படி எழுதறது?” என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பரில் இரண்டாவது ரெக்கார்ட். எல்லாரும் ஒரே அறையில், கண்ணாடி இல்லாமல், நீ என்னைப் பார்க்கிற மாதிரி. இல்லையென்றால் நான் பாடவில்லை என்று சொல்லிவிட்டேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். மைக்கில் மூச்சு கேட்கட்டும் என்றும் சொன்னேன். அதற்குத்தான் முகம் சுளித்தார்.

ஆனால் முதல் ரெக்கார்டை மாற்ற மாட்டார்களாம். கெஞ்சியும் கேட்டேன், கத்தியும் கேட்டேன். ஓடுகிற சரக்கில் கைவைக்க மாட்டோம் என்கிறார்கள். அது அப்படியேதான் இருக்கும், அக்கா. நாம் செத்த பிறகும் யாராவது போட்டால் அந்தப் பால்குடிதான் பாடுவான்.

நீ செப்டம்பருக்கு வருவாயா என்று எழுது.

ராய்ஸ்


பேக்கர்ஸ்ஃபீல்ட்
ஜூன் 21, 1972

ராய்ஸுக்கு,

வருகிறேன். கொட்டகையில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். ஐரீன் அழுதாள், அப்புறம் என் இடம் மின்விசிறிக்குப் பக்கத்தில் இருப்பதால் அதைத் தனக்குத் தரச் சொல்லி ஃபோர்மனிடம் கேட்டாள்.

சொல்லாமல் போனதற்குக் காரணம், நின்றிருந்தால் நீ கூட்டத்தின் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்திருப்பாய். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. யாரும் யாருக்காகவும் ரகசியமாகத் தொண்டையை அறுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இரண்டாவது ரெக்கார்டுக்கு முன்னால் நீ எனக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் ரெக்கார்டை மாற்ற மாட்டோம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எல்வுட்டிடம் சொன்னேன். அவர் உங்கள் கம்பெனியைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு ஜூக்பாக்ஸின் பின்பக்கத்தைத் திறந்து, “என்ன செய்யணும் சொல்லு” என்றார். தட்டு சுற்றுகிற இடத்தில் கம்பளித் துணி ஒன்றை மடித்துச் செருகினோம். போட்டுப் பார்த்தோம், ரொம்ப இறங்கிவிட்டது, நீ பிணம் மாதிரிப் பாடினாய். துணியைக் கத்தரித்துக் கத்தரித்து, என் தண்டு மூன்றாவது கோட்டில் நிற்கிற வரைக்கும் விடவில்லை. எண்ணெய்க் கிணற்று ஆள் வந்து கேட்டுவிட்டு, “ஓ, இந்த ராய்ஸா” என்றான்.

ஒரே ஒரு சங்கடம். அந்தத் துணி உனக்கு மட்டும் என்று அதற்குத் தெரியாது. ப்ளூ ஸ்பரில் இப்போது நாஷ்வில்லின் பெரிய பெரிய பாட்டுக்காரர்கள் எல்லாரும் சளி பிடித்தவர்கள் மாதிரிப் பாடுகிறார்கள். இரண்டு பேர் எல்வுட்டிடம் புகார் சொன்னார்கள்.

“பெட்டி சரியாத்தான் இருக்கு” என்கிறார் எல்வுட். “அவங்க ரெக்கார்டுதான் தப்பு.”

ஆர்டித்